அட்லாண்டா விமான நிலையமும் 25 சதவீதமும்

டெண்டர் என்றாலே நமக்கு ஒரு கணக்குதான் ஞாபகம் வரும். யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கு வேலை. நிறம், மதம் எதையும் பார்க்காத கணக்கு. இதைவிட நியாயமான முறை இருக்க முடியுமா என்று நானும் நினைத்திருந்தேன். அமெரிக்க நகரங்களின் கட்டுமான ஒப்பந்தங்களின் கதையைப் படித்தபிறகு அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

1973இல் அட்லாண்டா நகரம் மேனார்ட் ஜாக்சனை மேயராகத் தேர்ந்தெடுத்தது. வயது 35. அமெரிக்காவின் தென்மாநிலப் பெருநகரம் ஒன்றுக்கு ஒரு கறுப்பர் மேயரானது அதுவே முதல் முறை. அப்போது நகர மக்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஆனால் மாநகராட்சி கொடுத்த ஒப்பந்தங்களில் கறுப்பர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது 1 சதவீதம்கூட இல்லை!

இத்தனைக்கும் இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் குடியுரிமைச் சட்டம் 1964லேயே வந்துவிட்டது. கறுப்பர்கள் டெண்டர் போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பிறகு எங்கே இடித்தது?

டெண்டருக்கு முன்னால் இருக்கிற வாசற்படியில்தான். அங்கே அரசு வேலை எடுக்கிற ஒப்பந்ததாரர் பொதுவாக ஓர் உத்தரவாதப் பத்திரம் கொடுக்க வேண்டும். ‘இவர் வேலையைப் பாதியில் விட்டால் நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம்’ என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் எழுதிக் கொடுப்பது. மத்திய அரசு வேலைகளுக்கு 1935இலேயே இதற்குச் சட்டம் உண்டு. அந்தப் பத்திரம் தருவதற்கு முன் அவர்கள் கேட்பது: இதே அளவு வேலை முன்பு செய்திருக்கிறாயா? பேங்கில் எவ்வளவு இருக்கிறது? பெரிய வேலை செய்திருந்தால்தான் பத்திரம், பத்திரம் இருந்தால்தான் பெரிய வேலை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. பல தலைமுறைகளாகக் கடனும் வாய்ப்பும் மறுக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சுழலில் நுழைய வழியே இல்லை.

அட்லாண்டா அப்போது சுமார் 50 கோடி டாலரில் புது விமான முனையம் கட்டத் திட்டமிட்டிருந்தது. அதில் சுமார் 25 சதவீதம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்றார் ஜாக்சன். (சிறுபான்மையினர் என்றால் இங்கே கறுப்பர், ஸ்பானிய வம்சாவளியினர், ஆசியர் போன்றவர்கள்.) இதற்கு அவர் பிடித்த வழி கூட்டு ஒப்பந்தம். பெரிய வெள்ளையர் நிறுவனமும் சிறிய கறுப்பர் நிறுவனமும் சேர்ந்து டெண்டர் போடுவது. சின்னவருக்கு வேலையும் கிடைக்கும், அடுத்த பத்திரத்துக்குக் காட்ட அனுபவமும் கிடைக்கும்.

ஊர்ப் பெரிய முதலாளிகளும் பத்திரிகைகளும் கொதித்தார்கள். செலவு ஏறும், வேலை இழுக்கும் என்றார்கள். ஓடுபாதையில் புல் முளைத்தாலும் சரி, இந்தப் பங்கு இல்லாமல் கட்டிடம் எழும்பாது என்று நின்றார் ஜாக்சன். முனையம் 1980 செப்டம்பரில் திறக்கப்பட்டது, குறித்த காலத்தில், ஒதுக்கிய பணத்துக்குள். பிற்காலத்தில் பயணிகள் எண்ணிக்கையில் பல ஆண்டுகள் உலகில் முதலிடம் பிடித்த விமான நிலையம் அதுதான். ஜாக்சன் இறந்த 2003இல் அவர் பெயரும் அதனுடன் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே 1977இல் மேரிலாந்தின் காங்கிரஸ் உறுப்பினர் பேரன் மிச்செல் முயற்சியால், 400 கோடி டாலர் பொதுப்பணித் திட்டம் ஒன்றில் 10 சதவீதம் இப்படி ஒதுக்கப்பட்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

திருப்பம் ரிச்மண்ட் நகரில் வந்தது. அங்கேயும் மக்களில் பாதிப் பேர் கறுப்பர்கள். முந்தைய ஐந்தாண்டுகளில் அவர்களைப் போன்ற சிறுபான்மையினருக்குக் கிடைத்த முதன்மை ஒப்பந்தங்கள் 0.67 சதவீதம். 1983இல் நகரசபை, ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதத்தைச் சிறுபான்மையினருக்கு உள்ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்றது. நகரச் சிறையில் கழிவறைச் சாதனங்கள் பொருத்தும் வேலைக்கு டெண்டர் போட்ட க்ரோசன் என்ற ஒரே நிறுவனம், கட்டுப்படியாகும் விலையில் ஆள் கிடைக்கவில்லை, விலக்கு வேண்டும் என்றது. நகரம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1989இல் 6க்கு 3 என்று தீர்ப்பு. திட்டம் செல்லாது. மக்கள்தொகையையும் ஒப்பந்தத்தையும் ஒப்பிட்டால் போதாது. வேலை செய்யத் தகுதியுள்ள நிறுவனங்கள் எத்தனை, அவற்றுக்கு எவ்வளவு கிடைத்தது என்று காட்டி, பாகுபாட்டை நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். அதே ஆண்டு ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் அட்லாண்டாவின் திட்டத்தையும் ரத்து செய்தது. 1995இல் மத்திய அரசின் திட்டங்களுக்கும் அதே கடுமையான அளவுகோல் வந்தது.

எனக்குச் சிக்கலாகப் படுவது இங்கேதான். தகுதியுள்ள நிறுவனங்களை மட்டும் எண்ணு என்பது கேட்க நியாயம். ஆனால் வாசற்படியே பலரை வளரவிடாமல் செய்திருந்தால், எண்ணுவதற்கு அங்கே யார் இருப்பார்கள்?

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெயருக்கு ஒரு கறுப்பரை முன்னால் நிறுத்திப் பின்னால் வேறொருவர் லாபம் பார்த்த பினாமிக் கம்பெனிகள் உண்டு. ஏற்கெனவே வளர்ந்த சிலரே திரும்பத் திரும்பப் பலன் பெற்றார்கள் என்ற புகாரும் உண்டு. 2025 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, இனத்தையோ பாலினத்தையோ வைத்து மட்டும் ஒருவரைப் பின்தங்கியவராகக் கருதும் முறையைக் கைவிட்டது. ஒவ்வொருவரும் தன் கஷ்டத்தைத் தனித்தனியே நிரூபிக்க வேண்டும்.

சதவீதம் சரியா தவறா என்று சண்டை போடலாம், போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதை எடுத்துவிட்டால் மட்டும் போட்டி சமமாகிவிடாது. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, பில் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பது, உத்தரவாதப் பத்திரம் பெற உதவுவது, இவற்றுக்கு யாருடைய நிறத்தையும் பார்க்க வேண்டியதில்லை. குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை கொடுங்கள், சரி. தொகை கேட்கவே முடியாமல் வாசலில் நின்றவர் யார் என்பதையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.