சடப்பொருளின் முதுமையும் நினைவும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஒரு பொருளின் இன்றைய நிலையை அறிந்தாற் போதும், அதன் கடந்தகாலம் வேண்டியதில்லை என்னும் எடுகோளைப் பௌதிகவியலார் நெடுங்காலம் ஐயமின்றிக் கையாண்டு வந்தனர். அதனைச் சோதனைக்குள்ளாக்கியவற்றுள் ஒன்று பட்டுநூல். கெற்றிங்கனிற் கவுசுடன் இணைந்து காந்தவியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த வில்கெல்ம் வேபர், காந்தங்களைத் தொங்கவிட உதவிய இந்நூலின் இயல்பை ஆராய்ந்து 1835இல் எழுதினார். பாரம் ஏற்றியவுடன் நீண்ட நூல் பின்னரும் மெல்ல நீண்டுகொண்டிருந்தது. பாரத்தை அகற்றியபின் பழைய நீளத்தை அடையவும் நெடுநேரம் எடுத்தது. 1854இல் ருடோல்ப் கோல்ரவுஷ் இலேடன் சாடியின் எஞ்சிய மின்னேற்றத்திலும் இத்தகைய மந்தத்தைக் கண்டு, சாதாரண அடுக்குக்குறி விதி அதற்குப் பொருந்தாதெனக் காட்டினார்.

எனினும் எம்மை மிகவும் கவர்வது யூலின் வெப்பமானியே. சல்போட்டின் பியர் வடிசாலைக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், ஒரே இரச வெப்பமானியின் உறைநிலைப் புள்ளியை 1844 முதல் 1882 வரை, 38 ஆண்டுகள், இடையிடையே அளந்துவந்தார். குமிழின் கண்ணாடி சிறுகச் சிறுகச் சுருங்கியதால் அப்புள்ளி உயர்ந்துகொண்டே சென்றது: முதலில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும், மொத்தத்தில் ஏறத்தாழ 1 பரனைற் பாகை. பாகையின் இருநூறில் ஒரு பங்கை வாசிக்க முடியுமென உரிமைகோரியவருக்கு இது சிறு பிழையன்று. வெப்பநிலை வேறுபாடுகளையே அவர் பயன்படுத்தியமையால் வெப்பத்தின் பொறிமுறைச் சமவலு பற்றிய அவரது முடிவு தப்பியது என்றே நாம் கருதுகிறோம். (ஆய்வு மானியத்தை ஈராண்டுக் கணக்கில் எண்ணும் எமக்கு இப்பொறுமை வியப்பளிக்கிறது.) சோடாவும் பொட்டாசும் கலந்த கண்ணாடியில் இக்குறை மிகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று, 1884இல் யேனாவில் நிறுவப்பட்ட கண்ணாடித் தொழிற்சாலை வெப்பமானிக்கெனத் தனிக் கண்ணாடியே உருவாக்கியது.

1874இல் போல்ற்ஸ்மன் இந்நினைவுக்குக் கணித வடிவமளித்தார். இன்றைய தகைப்பு, கடந்தகால விகாரங்கள் அனைத்தினதும் விளைவுகளின் கூட்டுத்தொகை. காலம் செல்லச்செல்ல ஒவ்வொன்றின் பங்கும் தேயும். ஆயினும் அப்பங்கு, இடையிற் கழிந்த காலத்தை மட்டுமே சார்ந்தது என்பது அவரது கொள்கை. பொருள் நினைவுகூரும், ஆனால் முதுமையடையாது. யூலின் கண்ணாடியோ முதுமையடைந்துகொண்டிருந்தது.

இவ்வேறுபாடு முழுமையாக வெளிப்பட ஒரு நூற்றாண்டு சென்றது. பல்பகுதியங்கள் பற்றிய இசுற்றுயிக்கின் நூல் 1978இல் வெளிவந்தது. 1983இல் உப்சாலா ஆய்வாளர்கள் செப்பு–மங்கனீசுக் கலப்புலோகமொன்றைக் குளிர்வித்து, குறித்த நேரம் வாளாவிருந்தபின் சிறு காந்தப்புலத்தை இட்டனர். எவ்வளவு நேரம் காத்திருந்தனரோ, ஏறத்தாழ அவ்வளவு நேரம் கழிந்தபோதே காந்தவாக்கத்தின் தளர்வு உச்சவீதத்தை அடைந்தது.