குருதிக் கொடை வளர்ந்த கதை

சென்னை ஆதம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் அவ்வப்போது இரத்த தான முகாம் நடப்பதுண்டு. பெயர் பதிவது, நாற்காலி போடுவது, இரத்தம் கொடுத்து எழுந்தவருக்குப் பழச்சாறும் பிஸ்கட்டும் தருவது ஆகிய வேலைகளில் நானும் சேர்ந்துகொள்வேன். சென்ற முகாமுக்கு என் மாணவர் ஒருவர் வந்திருந்தார். அவர் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை நீல நிறக் கரைசல் ஒன்றில் விட்டார்கள். துளி மூழ்கவில்லை. "இன்று உங்களிடம் எடுக்க முடியாது, தம்பி" என்றார் செவிலியர். மாணவரின் முகம் வாடிவிட்டது. "ஒரு துளி மிதந்ததுக்காகவா சார் வேண்டாம்கிறாங்க?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

இயற்பியல் ஆசிரியனிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். அந்த நீலக் கரைசல் மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட்டுக் கரைசல். அதன் ஒப்படர்த்தி 1.053 இருக்குமாறு தயாரித்திருப்பார்கள். இரத்தத் துளி கரைசலைத் தொட்டவுடன் அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டாகிறது. அதனால் துளி சில நொடிகள் கரையாமல் நிற்கும். கரைசலைவிட அடர்த்தி மிகுந்த துளி மூழ்கும். குறைந்த துளி மிதக்கும். ஆர்க்கிமிடீசின் தத்துவமே இது. செவ்வணுக்களில் ஹீமோகுளோபின் குறைந்தால் இரத்தத்தின் அடர்த்தியும் குறையும். 100 மில்லிலிட்டரில் 12.5 கிராம் ஹீமோகுளோபின் உள்ள இரத்தத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.053. அதற்குக் கீழே உள்ளவரிடம் இரத்தம் எடுத்தால் அவருக்கும் கேடு. பெறுகிறவருக்கும் முழுப் பயன் இல்லை.

ஒரு துளிக்கு இத்தனை கண்டிப்பு ஏன் என்பதை அறிய, மூன்றரை நூற்றாண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ஆட்டின் இரத்தமும் மனித இரத்தமும்

இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். சுற்றி வருவதாயின் வெளியிலிருந்தும் செலுத்தலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1667-இல் பிரான்சில் ழான் டெனி என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார். சிறுவன் பிழைத்தான். ஆனால் பின்னர் சிகிச்சை பெற்ற ஒருவர் இறந்துபோகவே வழக்கு மூண்டது; இரத்தம் ஏற்றுதலும் தடை செய்யப்பட்டது. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனித இரத்தத்தையே மனிதருக்கு ஏற்றினார். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

விடை வியன்னாவில் கிடைத்தது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் தம் இரத்தத்தையும் உடன் பணியாற்றியவர்களின் இரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில சேர்க்கைகளில் செவ்வணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டன; சிலவற்றில் ஒன்றும் நேரவில்லை. இவ்வாறு 1901-இல் ஏ, பி, ஓ பிரிவுகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு ஏபி பிரிவும் சேர்ந்தது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளே இன்று உலக இரத்த தான நாள்.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் புதியதொரு பிரிவைக் கண்டறிந்தனர். சாதாரணச் சோதனையில் ஓ போலவே தோன்றும் இப்பிரிவினருக்கு ஓ இரத்தமும் ஒவ்வாது. தம்மைப் போன்ற ஒருவரிடமிருந்தே பெற இயலும். 'பம்பாய் பிரிவு' என்றே உலகம் அதனை அழைக்கிறது.

தொலைபேசியில் வந்த அழைப்பு

1914-ஆம் ஆண்டையொட்டி, சோடியம் சிட்ரேட் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பது தெரியவந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுத்திருக்க வேண்டிய தேவை நீங்கிற்று. 1921-இல் லண்டன் மருத்துவமனை ஒன்று இரத்தம் தேவையென்று செஞ்சிலுவைச் சங்கக் கிளைக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பியது. கிளைச் செயலாளர் பெர்சி ஆலிவரும் தோழர்களும் உடனே சென்றனர். அன்றிலிருந்து, அழைத்தால் வந்து இலவசமாக இரத்தம் தருவோரின் பட்டியலை ஆலிவர் தம் வீட்டிலேயே வைத்து நடத்தினார். தன்னார்வக் குருதிக் கொடை இயக்கத்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

இந்தியாவுக்கு இரத்த வங்கியைக் கொண்டுவந்தது போர். 1942-இல் கல்கத்தாவில், அகில இந்திய சுகாதார நிறுவனத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் நிர்வாகத்தில் அது அமைந்தது. போர் முடிந்ததும் அந்த வேகம் தணிந்தது. தேவையோ ஆண்டுதோறும் வளர்ந்தது. இடைவெளியை நிரப்பியது வியாபாரம்.

விலைக்கு விற்ற காலம்

வறுமையில் வாடியவர்கள் சில ரூபாய்க்காக இரத்தம் விற்றனர். உடல் தேறுமுன்பே மீண்டும் வந்தனர். அவர்களுடைய துளியை நேர்மையாக நீல நீரில் விட்டிருந்தால் பல துளிகள் மிதந்திருக்கும்! நோயிருந்தால் அன்றைய கூலி போய்விடுமே என்று அதை மறைக்கவும் நேர்ந்தது. விலைக்கு வாங்கும் இரத்தம் தூய்மையில் தாழ்ந்தது என்று 1970-இல் ஆங்கில அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் எழுதியதை நம் நாடு அனுபவத்தில் கற்றது.

எச்சரிக்கை மணி ஒலித்தது நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. 1989-இல், ஏற்றப்படும் இரத்தம் அனைத்தையும் இக்கிருமிக்காகச் சோதிப்பது கட்டாயமாயிற்று. பின்னர் 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் இரத்த விற்பனையை இரண்டு ஆண்டுகளில் ஒழிக்குமாறு ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் இரத்தத்தை விலைக்குக் கொடுப்பதும் வாங்குவதும் ஒழிக்கப்பட்டன.

சட்டம் மட்டும் போதுமா? 2018-இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குக் கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அதைக் கொடுத்த இளைஞரே, தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும் மருத்துவமனைக்கு வந்து தெரிவித்தார். சோதனை தவறிய இடத்திலும் ஒரு மனிதரின் நேர்மை தவறவில்லை. தொற்றிய தொடக்க நாட்களில் எந்தச் சோதனைக்கும் கிருமி அகப்படாமல் போகலாம். ஆகவே, முகாமில் கேட்கும் கேள்விகளுக்கு நாம் சொல்லும் உண்மையான பதில், சோதனைக் குழாய்க்கு நிகரான பாதுகாப்பு ஆகும்.

சேர்த்து வைக்க முடியாத செல்வம்

எடுத்த இரத்தத்தை மையவிலக்கியில் சுழற்றினால், அடர்த்தி மிகுந்த செவ்வணுக்கள் அடியில் தங்கும்; பிளாஸ்மா மேலே நிற்கும். ஒருவரின் கொடை இவ்வாறு இரண்டு மூன்று நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. ஆனால் செவ்வணுக்கள் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாட்களே தாங்கும். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாட்கள். எனவே, தேசியத் தன்னார்வ இரத்த தான நாளான அக்டோபர் 1 அன்று திரண்டு வந்து கொடுத்தால், அது அடுத்த மே மாதத்துக்கு உதவாது. கல்லூரிகள் மூடியிருக்கும் அந்தக் கோடையில்தான் தட்டுப்பாடு வருகிறது. நோயாளியின் உறவினரையே ஆள் தேடி அலையவிடும் நிலை இன்றும் மறையவில்லை. ஒருமுறை கொடுத்தவர் ஆண்டுதோறும் மறவாமல் வருவாரானால் அந்த அலைச்சல் குறையும். 18 வயது நிறைந்து 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாட்களுக்கும், பெண்கள் 120 நாட்களுக்கும் ஒருமுறை கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் அந்த மாணவரிடம் சொன்னேன். மருத்துவரைப் பார்த்து இரத்தசோகைக்குச் சிகிச்சை பெறுமாறும் கூறினேன். அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பதிவு மேசையில் என் பக்கத்தில் அமர்ந்து மாலைவரை படிவங்களை நிரப்பினார். அச்சத்தோடு வந்த ஒருவருக்கு, நீலக் கரைசலைக் காட்டி ஒப்படர்த்தியையும் விளக்கிக்கொண்டிருந்தார். துளி மிதந்தவருக்கும் முகாமில் வேலை உண்டு, மாணவ நண்பர்களே!