வழக்காடிப் பிழைத்த அங்காடி

பல ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளி மாணவர்களைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். பேருந்து அண்ணா சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. சன்னலோரம் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் செந்நிறக் கட்டடம் ஒன்றைச் சுட்டிக்காட்டி, "ஐயா, அது கோயிலா, பள்ளிவாசலா, மாதா கோயிலா?" என்று வினவினான். கூம்பிய கோபுரங்களும் குவிமாடங்களும் வளைவுகளும் ஒருங்கே அமைந்த அதனைக் கண்டு அவன் ஐயுற்றதில் வியப்பில்லை. "மூன்றும் இல்லை, தம்பி. அது மருந்துக்கடையாகக் கட்டப்பட்டது" என்றேன். வண்டியில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர். ஆயினும் நான் கூறியது உண்மையே.

தமிழர்க்கு அங்காடி புதிதன்று. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே அமைந்த நாளங்காடியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அங்கு விற்ற பொருள்களை இலக்கியத்தில் பயில்கிறோம். அவை விற்ற கடைகளில் ஒன்றேனும் நம் கண்முன் இல்லை. கல்லால் எடுத்த கோயில்கள் நின்றன. கடைத்தெருக்கள் காலத்தில் கரைந்தன. ஆதலின் வணிகத்திற்கென்றே எழுப்பப்பட்ட பழங்கட்டடம் ஒன்று நகரின் நடுவே நம் காலம்வரை நிற்குமாயின், அதன் வரலாற்றை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

அம்மாணவன் கண்ட கட்டடம் இன்று 'பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்' என வழங்குகிறது. 1897ஆம் ஆண்டு கட்டப்பட்டபோது அதன் பெயர் 'கார்டில் கட்டடம்'. மவுண்ட் ரோடு எனப்பட்ட அப்பெருஞ்சாலையில் டபிள்யூ. இ. ஸ்மித் என்னும் மருந்து வணிகர் தம் நிறுவனத்திற்காக அதனை எழுப்பினார். மருந்துகளும் அறுவை மருத்துவக் கருவிகளும் அங்கு விற்கப்பட்டன. சோடா நீரும் அங்கேயே செய்யப்பட்டது. கீழே வணிகம், மேலே குடியிருப்பு என்ற ஏற்பாடு நம் கடைத்தெருக்களுக்கு நன்கு தெரிந்ததே. அதையே ஸ்மித் அரண்மனை அளவில் செய்து பார்த்தார்.

கட்டடத்தை வரைந்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். அதன் பாணியை இந்தோ-சாரசனிக் என்பர். முகலாயர் கட்டடங்களின் குவிமாடமும் வளைவும், இந்தியக் கோயிற்கலையின் நுண்ணிய அணிவேலையும், ஐரோப்பியக் கட்டடங்களின் உயர்கோபுரமும் தள அமைப்பும் கலந்து உருவான பாணி அது. ஆர்க்காட்டு நவாபுக்காக 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையை அதன் முன்னோடியாகக் கூறுவர். பின்னர் ஆங்கில அரசு தன் பொதுக் கட்டடங்களுக்கு அதனை மேற்கொண்டது. சிசோம் வடிவமைத்த பல்கலைக்கழக ஆட்சிமன்ற மாளிகை 1879இல் முடிவுற்றது. உயர்நீதிமன்றம் 1892இல் முடிவுற்றது. அரசுக்கும் அரசர்க்கும் உரியதாயிருந்த அத்தோற்றத்தை ஒரு மருந்து வணிகர் தம் கடைக்குக் கொணர்ந்தார் என்பதே இக்கட்டடத்தின் தனிச்சிறப்பு.

அக்காலச் சென்னைக் கட்டடங்களின் உட்கூறும் அறியத்தக்கது. சிமெண்ட் பெருவழக்காகாத அந்நாளில் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தன. மேற்றளம் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் அமைந்தது. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களை நெட்டாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவர். சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தை மீண்டும் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் அரிக்கப்படும். பழங்கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பலர் அறியாமல் செய்யும் பிழை இது.

அதே சாலையில் ஏறத்தாழ ஒரு பதிற்றாண்டுக்குள் மூன்று பெருங்கடைகள் எழுந்தன. 1895இல் ஸ்பென்சர் மாளிகை, 1897இல் ஸ்மித்தின் மாளிகை, 1904இல் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடை. இவற்றுள் ஸ்பென்சர் மாளிகை 1980களின் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் புதிய வணிக வளாகம் எழுந்தது. ஹிக்கின்பாதம்ஸ் கட்டடமோ நூறாண்டைக் கடந்தும் புத்தகக்கடையாகவே விளங்கியது. கதவு நாள்தோறும் திறக்கப்பட்டது. கூரை ஒழுகினால் உடனே காண்போர் உள்ளே இருந்தனர். ஸ்மித்தின் மாளிகைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

1925இல் ஸ்மித்தின் நிறுவனம் ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1934இல் மாளிகையை பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1896இல் லாகூரில் தோன்றிய காப்பீட்டு நிறுவனம் அது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி, 245 நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவானபோது மாளிகையும் அதன் உடைமையாயிற்று. பெயர் மட்டும் பழைய உரிமையாளரின் நினைவாக நிலைத்தது.

பராமரிப்பற்ற கட்டடம் பழுதுறும், பழுதுற்ற கட்டடம் ஆபத்தானது எனப்படும், ஆபத்தானது இடிக்கப்படும். பழங்கட்டடங்கள் பலவற்றின் முடிவு இந்த மூன்று படிகளில் அடங்கும். 2006இல் இம்மாளிகையை இடிக்கும் பணி தொடங்கியது. பண்பாட்டு மரபைப் பேணும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றத்தை நாடியது. இடிப்பு நிறுத்தப்பட்டது. நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2010இல் நீதிமன்றம் இம்மாளிகையை மரபுக் கட்டடமாகக் கருதிக் காக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அத்துடன், சென்னையின் மரபுக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்ட ஏனையவற்றுக்கும் அத்தீர்ப்பால் பாதுகாப்புக் கிடைத்தது. ஒரு கடைக்காக நடந்த வழக்கு ஒரு நகரத்திற்கே துணையாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. உயர்நீதிமன்ற மாளிகையைக் கட்டி முடித்த பணியில் ஹென்றி இர்வினுக்குத் துணைநின்றவரும் இதே ஜே. எச். ஸ்டீபன்ஸ்தான். அவர் கைவைத்த ஒரு கட்டடத்தினுள் அமர்ந்து, அவர் வரைந்த மற்றொரு கட்டடத்தின் உயிரைக் காக்கும் தீர்ப்பை நீதிபதிகள் வழங்கினர்.

ஆயினும் தீர்ப்பால் சம்மட்டியைத் தடுக்க இயலுமேயன்றி மழையைத் தடுக்க இயலாது. தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் மாளிகை பூட்டியே கிடந்தது. சுவர்களில் செடிகள் வேரூன்றின. பறவையின் எச்சத்தில் விழுந்த ஓர் ஆல விதை சுண்ணாம்பு இடுக்கில் முளைத்தால், சில ஆண்டுகளில் அதன் வேர் செங்கற்களைப் பிளந்துவிடும். மரபுக் கட்டடங்களைப் பேணுவதற்கெனத் தமிழ்நாட்டில் 2012இல் தனி ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் பல ஆண்டுகள் சட்டம் ஏட்டில் இருந்தது. வேர் சுவரில் இருந்தது. இடிக்காமல் விடுவது வேறு, காப்பது வேறு என்பதே இம்மாளிகை நமக்குக் கற்பிக்கும் பாடம். கடையாகப் பிறந்த கட்டடம் மீண்டும் கடையாகவோ, நூலகமாகவோ, அருங்காட்சியகமாகவோ மக்கள் புழங்கும் இடமாக வேண்டும். அன்றேல் காவல் பெற்றும் அது மெல்ல மெல்ல அழியும்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலர் தத்தம் ஊர்க் கடைத்தெருவில் தந்தையும் பாட்டனும் விட்டுச்சென்ற கடைகளையும் வீடுகளையும் உடையவர்கள். அவர்கள் உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் மேற்றளத்து நீர்வடிகால்களைத் துப்புரவு செய்யுங்கள். சுவரில் முளைக்கும் செடியை இரண்டிலையாக இருக்கும்போதே வேரோடு களையுங்கள். பழுதுபார்க்கச் சிமெண்டைத் தேடாமல் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடுங்கள். இடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வரினும், அதற்குமுன் படம் எடுத்து, பழைய பத்திரங்களைத் திரட்டி, கட்டியவர் யார், என்ன வணிகம் நடந்தது என்று ஒரு தாளிலேனும் எழுதிவையுங்கள்.

அன்று வினவிய மாணவன் இன்று குடும்பத் தலைவனாகியிருப்பான். அவன் மகனும் அச்சாலையில் செல்லும்போது அதே கட்டடத்தைக் காட்டி அதே வினாவைக் கேட்கவேண்டும். கேட்பதற்குக் கட்டடம் அங்கே நிற்கவேண்டும்.