நஸபும் ஒப்புதல் படிவமும்: செயற்கைக் கருத்தரிப்பின் ஃபிக்ஹு வரலாறு

பொன்முடி அடிவாரத்து வித்துராவிலிருந்து குழந்தைப்பேறு வேண்டித் திருவனந்தபுரம் செல்லும் முஸ்லிம் தம்பதியர் எவரும் ஒரு கேள்வியைச் சந்திக்கக்கூடும்: கொடையாளரின் விந்தணுவையோ கருமுட்டையையோ பயன்படுத்தச் சம்மதமா? இந்தியச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. சுன்னி மார்க்க அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்து மறுக்கிறது. இம்முரணின் வரலாறு அரை நூற்றாண்டுக்கும் குறைவானது.

1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். எழுபதாம் நாளில், சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் கொல்கத்தாவில் துர்கா பிறந்தார். இரண்டாண்டுகளுக்குள் மார்க்க அறிஞர்கள் விடை கூற வேண்டியதாயிற்று. 1980 மார்ச் 23இல் எகிப்தின் முஃப்தி ஜாதுல் ஹக் வழங்கிய ஃபத்வா, திருமண பந்தம் நிலைத்திருக்கையில் கணவனின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் மட்டும் இணையுமாயின் அச்சிகிச்சை ஆகும் என்றது. மூன்றாமவரின் பங்கை விலக்கியது. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு அகாதமி, ஏழு முறைகளை ஆராய்ந்து ஐந்தைத் தடுத்தது.

இவற்றின் மையச்சொல் 'நஸப்'. குருதிவழி என்று பெயர்த்தால் பொருள் குறைபடும். மரபுரிமை, திருமணத்தடை, பெயர் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். மக்காவின் ஃபிக்ஹு மன்றம் இதன் கூர்மையை உணர்த்தியது. ஒரு மனைவியின் கருமுட்டையில் உருவான கருவை அதே கணவனின் மற்றொரு மனைவி சுமக்கலாம் என 1984இல் அனுமதித்த அம்மன்றம், தாய் யார் என்பதில் குழப்பம் நேரும் என்று 1985இல் அதைத் திரும்பப் பெற்றது. ஆய்வகத்தில் மாதிரிகள் மாறிவிடலாகாது என்னும் கவலையும் இத்தகைய தம்பதியருக்கு மருத்துவக் கவலை மட்டுமன்று.

அறமும் மருத்துவமும் மோதிய இடத்தில் சில வேளை மருத்துவமே வழிதந்தது. ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறையை 1992இல் பிரசெல்ஸ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். விந்தணு மிகக் குறைந்த ஆண்கள் பலருக்குக் கொடையாளரை நாடும் தேவை நீங்கியது. எனினும் விந்தணுவே உருவாகாதவர்க்கும் கருமுட்டை தீர்ந்த பெண்டிர்க்கும் கேள்வி அப்படியே நின்றது. ஷீஆ ஈரான் வேறுவழி கண்டது: கருக்கொடையை அனுமதிக்கும் சட்டம் 2003இல் அங்கு நிறைவேறியது. கேரள முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஷாஃபிஈ வழி சுன்னிகள் ஆதலால் அவ்வழி இவர்களுக்கு எளிதில் பொருந்துவதில்லை.

இந்தியாவில் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையிலுள்ள உதவிபெறு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், பிறக்கும் குழந்தையைத் தம்பதியரின் உயிரியல் குழந்தையாகவே கருதுகிறது. கொடையாளர் தம் பெற்றோர் உரிமையைத் துறக்கிறார். அச்சட்டத்தில் ஒப்புதல் பெற்றோரை உருவாக்குகிறது. ஃபிக்ஹில் நஸப் உருவாக்குகிறது. தத்தெடுத்தலிலும் இதே இழுபறிதான். சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் முஸ்லிம்களும் தத்தெடுக்கலாம் என ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஃபிக்ஹோ குழந்தையை வளர்க்கச் சொல்லி, அதன் நஸபை மாற்ற மறுக்கிறது.

ஆகவே படிவத்தில் இடப்படும் கையெழுத்து சட்டத்திற்குப் போதுமானது. மனச்சான்றுக்குப் போதுமா என்பதைச் சிகிச்சை தொடங்குமுன்பே பேசிவிடுவது மருத்துவ அறத்தின் பகுதி. கரு உருவான பின்பு எழும் ஐயத்திற்கு எந்த ஃபத்வாவும் எளிய விடை தருவதில்லை.