ஆட்டம் பார்க்கப் போனவர்கள்

வேடிக்கை பார்க்கப் போகிறவனை உலகத்தில் யாரும் மதிப்பதில்லை. யாத்திரை போகிறவனுக்குப் புண்ணியம் உண்டு. வியாபாரத்துக்குப் போகிறவனுக்கு லாபம் உண்டு. படை நடத்திப் போகிறவனுக்குச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமே உண்டு. வேலையை விட்டுவிட்டு, கைக்காசைச் செலவழித்து, யாரோ பதினொரு பேர் பந்தாடுவதைப் பார்க்கப் போகிறவனுக்கு வீட்டிலே வசவுதான் உண்டு. ஆனாலும் நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு தடவை, ராஜதந்திரிகள் ஏழு வருஷம் உட்கார்ந்து பேசியும் ஆகாத ஒரு காரியம் இந்த வேடிக்கை மனிதர்களால் ஆயிற்று. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

1947 ஆகஸ்டில் தேசம் இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபில் அப்போது ஓடிய ரத்தத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அமிருதசரஸுக்கும் லாகூருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 50 கிலோமீட்டர். நான் இருக்கும் அனுப்பர்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் போகிற தூரந்தான். காலையில் போய்ச் சரக்கெடுத்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புகிற தூரம். பிரிவினைக்கு முன்னால் லாகூர் நகரத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்துக்களும் சீக்கியர்களுமாக இருந்தார்கள். சில மாதங்களில் அவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நடுவில் வாகா என்ற சின்னக் கிராமம் உலகமறிந்த பெயராகிவிட்டது.

எல்லை என்று ஒன்று ஏற்பட்டதும் மறுநாளே அதற்குக் கதவு போட்டுவிடவில்லை. முதலில் போக வரக் காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. 1948 ஜூலையில் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருகிறவர்களுக்கு ‘பெர்மிட்’ என்று ஒரு சீட்டு வந்தது. பிறகு 1952 அக்டோபர் 15-ஆம் தேதி முதல் பாஸ்போர்ட்டும் விஸாவும் வந்தன. நேற்றுவரை பக்கத்து ஊராக இருந்தது அன்றைக்குச் சட்டப்படி வெளிநாடாகிவிட்டது.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். அதற்கு மறுநாள், அக்டோபர் 16-ஆம் தேதி, டில்லியில் இந்தியாவும் பாகிஸ்தானும் தங்களுடைய முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடத் தொடங்கின. ஒரு நாள் கதவைச் சாத்தினார்கள். அடுத்த நாள் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இரண்டு காரியத்தையும் ஒருவரே திட்டமிட்டிருந்தால் அவரைப் பெரிய ஹாஸ்ய ஆசிரியர் என்று சொல்லலாம்.

பாகிஸ்தான் அணியின் தலைவராக வந்தவர் அப்துல் ஹபீஸ் கர்தார். அவர் 1946-இல் இந்திய அணியில் சேர்ந்து இங்கிலாந்து போய் ஆடியவர். இந்தியாவின் லாலா அமர்நாத்தோ லாகூரில் வளர்ந்து, அங்கே ஆட்டம் பழகியவர். யார் எந்த நாட்டுக்காரர் என்பதை ஆட்டக்காரர்களே புதிதாகப் பாடம் பண்ணிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. அந்த அணி சென்னைக்கும் வந்தது. சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டை நவம்பர் மாதத்து மழை வெற்றி தோல்வி இல்லாமல் முடித்து வைத்தது. வடகிழக்குப் பருவ மழைக்குப் பாஸ்போர்ட் விதியும் தெரியாது, பந்தய விதியும் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து வினூ மன்கட் தலைமையில் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போயிற்று. லாலா அமர்நாத் அந்த அணிக்கு மானேஜர். டாக்கா, பகவல்பூர், லாகூர், பெஷாவர், கராச்சி என்று ஐந்து ஊர்களில் ஐந்து டெஸ்டுகள். ஐந்தும் ‘டிரா’. தோற்றுவிடக் கூடாது என்ற ஒரே கவலையில் இரு தரப்பாரும் கட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மறந்துபோக வேண்டிய தொடர் அது.

ஆனால் லாகூர் டெஸ்ட் 1955 ஜனவரி 29-ஆம் தேதி தொடங்கிற்று. அந்த நாட்களில் வாகா எல்லையை ரஸிகர்களுக்காகத் திறந்துவிட்டார்கள். வழக்கமான பாஸ்போர்ட், விஸா தொல்லை இல்லாமல், பந்தயத்துக்கென்று கொடுத்த தனிச் சீட்டை வைத்துக்கொண்டு இந்தியர்கள் போகலாம். காலையில் போய் ஆட்டம் பார்த்துவிட்டு இரவு அமிருதசரஸுக்குத் திரும்பிவிடலாம். சுமார் 10,000 பேர் போனார்கள். பிரிவினைக்குப் பிறகு அந்த எல்லையை அவ்வளவு ஜனங்கள் சேர்ந்தாற்போல் கடந்தது அதுவே முதல் தடவை. எட்டு வருஷத்துக்கு முன்னால் உயிருக்குப் பயந்து ஓடி வந்த அதே பாதையில், இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போகலாம் என்றாகிவிட்டது.

அவர்கள் எல்லாரும் கிரிக்கெட்டுக்காகத்தான் போனார்களா? எனக்குச் சந்தேகம். நான் கதை எழுதுகிறவன்; மனிதர்கள் சொல்லும் காரணத்தையும் அவர்கள் மனத்திலுள்ள காரணத்தையும் பிரித்துப் பார்ப்பதே என் தொழில். லாகூரில் பிறந்து அமிருதசரஸில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர், கட்டை போடுகிற ஆட்டத்தை நாள் முழுவதும் பார்ப்பதற்காகவா போவார்? தேநீர் இடைவேளையில் மெல்ல எழுந்து, தான் படித்த பள்ளிக்கூடத் தெருவுக்குப் போயிருக்க மாட்டாரா? விட்டுவந்த வீட்டின் திண்ணையில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எதிர்ச்சாரியில் நின்று பார்த்திருக்க மாட்டாரா? ‘என் வீட்டைப் பார்க்க வேண்டும்’ என்று விண்ணப்பம் எழுதினால் எந்தச் சர்க்காரும் பயப்படும். ‘மாட்ச் பார்க்க வேண்டும்’ என்றால் எந்தச் சர்க்காரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடும். ரஸிகன் என்ற வேஷத்துக்கு உள்ள சௌகரியம் அது.

போனவர்களை லாகூர் ஜனங்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. தலைப்பாகையோடு தெருவில் நடந்த சீக்கியர்களைக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இதே தெருக்களில் 1947-இல் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இது நம்ப முடியாத சேதி. முதலில் இரு தரப்பாருக்கும் மனம் மாறி, அதற்குப் பிறகு கதவு திறந்தது என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்வது சுலபம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். கதவு திறந்ததனால்தான் மனம் என்ன நிலையில் இருக்கிறது என்பதே தெரிந்தது. சாத்திய கதவுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எதை வேண்டுமானாலும் நம்பலாம்.

ரஸிகர்கள் எல்லாரும் சாந்த சொரூபிகள் என்று சொல்ல நான் வரவில்லை. 1999 பிப்ரவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ரகளை மிஞ்சிப்போய், பார்க்க வந்தவர்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, காலி மைதானத்தில் இந்திய - பாகிஸ்தான் டெஸ்டை முடித்தார்கள். ஆனால் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னால், ஜனவரி 31-ஆம் தேதி, நம் சேப்பாக்கத்தில் என்ன நடந்தது? பாகிஸ்தான் அணி வரக் கூடாது என்று டில்லியில் பந்தாடும் தரையையே வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ஓட்டம் எடுத்தும், இந்தியா 12 ஓட்டத்தில் தோற்றுப்போயிற்று. தோற்ற வேதனை தொண்டையை அடைத்திருந்த நேரத்தில், சென்னை ஜனங்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினார்கள். வஸீம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். எல்லையைக் கடந்து போகச் சந்தர்ப்பம் இல்லாத தென்னாட்டு ரஸிகன், இருந்த இடத்திலிருந்தே கடந்த எல்லை அது.

2004-இல் மறுபடி வடக்கே கதவு திறந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்குப் பாகிஸ்தான் விஸா கொடுத்தது. அந்தத் தொடரில் அங்கே ஜனங்களுக்குச் செல்லப் பிள்ளையாகிவிட்டவர் நம் ஊர் லக்ஷ்மிபதி பாலாஜி. சேவாக் முல்டானில் 309 ஓட்டம் எடுத்தார் என்பது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பாலாஜியின் சிரிப்பு எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் லாகூர்க்காரர்கள் அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். அடுத்த வருஷம் மொஹாலி டெஸ்டுக்குப் பாகிஸ்தானிலிருந்து ரஸிகர்கள் வந்தபோது, சண்டிகரில் ஓட்டல்கள் போதாமல் போய், குடும்பத்தினர் பலர் தங்கள் வீடுகளிலேயே அவர்களைத் தங்க வைத்துக்கொண்டார்கள். 1955-இல் லாகூர் கொடுத்த விருந்துக்கு ஐம்பது வருஷம் கழித்துப் பதில் விருந்து.

அதற்கப்புறம் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டது. 2008-இல் பம்பாயில் நடந்த பயங்கரத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2012 டிசம்பரில் பாகிஸ்தான் அணி இங்கே வந்து ஆடியதோடு, இரு நாடுகளும் தமக்குள் தனித் தொடர் ஆடுவது நின்றுவிட்டது. 2023 உலகக் கோப்பையில், லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அகமதாபாத் மைதானத்தில் இரு அணிகளும் மோதின. பாகிஸ்தான் ரஸிகர்களுக்கு விஸா கிடைக்காததால் அந்த அணிக்குக் கை தட்ட விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருந்தார்கள். 2025 பிப்ரவரியில் பந்தயம் துபாய்க்குப் போயிற்று. அவ்வருஷம் ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, அட்டாரி சோதனைச் சாவடியையும் மூடும்படி உத்தரவாயிற்று.

துபாயில் இரண்டு நாட்டு ரஸிகர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்களே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அமிருதசரஸிலிருந்து 50 கிலோமீட்டர் போக ஒரு தொழிலாளியால் முடியும். துபாய்க்கு விமானம் ஏற அவனால் முடியுமா? 1955-இல் எல்லையைக் கடக்க ஒரு நாள் கூலியை விடத் துணிந்தால் போதும். இன்றைக்கு எல்லையைக் கடக்காமலே ஆட்டம் பார்க்க அரை வருஷத்துச் சம்பளம் வேண்டும். கதவு சாத்தியிருப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. வசதி உள்ளவனுக்குச் சுற்றுவழி எப்போதும் உண்டு.

இந்த விஷயம் எங்கள் ஊரில் எனக்கு அடிக்கடி உறைக்கிறது. அனுப்பர்பாளையம் பித்தளை, செம்புப் பாத்திரப் பட்டறைகளுக்குப் பெயர் போனது. இப்போது பட்டறைச் சத்தத்தோடு பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. 1978 வாக்கில் இத்தாலிய வியாபாரி ஒருவர் திருப்பூருக்கு வந்து சரக்கு எடுத்தது முதல் இங்கத்திய பனியன் கடல் தாண்டத் தொடங்கியது என்பார்கள். கால்பந்து உலகக் கோப்பை வரும் வருஷங்களில் ரஸிகர்கள் போட்டுக்கொள்ளும் வண்ணச் சட்டைகள் இந்தப் பகுதியில் தைத்துப் போகும். அப்படி ஒரு சமயம், பேக்கிங் பிரிவில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் என்னைப் பார்த்து, “ஏனுங்க, இந்தச் சட்டைக்குப் பாஸ்போர்ட்டு வேண்டாமுங்களா?” என்று கேட்டான். “சட்டைக்கு இன்வாய்ஸ் இருந்தால் போதும்” என்றேன். “அப்ப எனக்கும் ஒரு இன்வாய்ஸ் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, பொட்டிக்குள்ள உக்காந்துட்டுப் போயி ஆட்டத்தைப் பாத்துட்டு வந்தர்றனுங்க” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் கேட்டதில் பிசகு ஒன்றும் இல்லை.

அவன் கேட்ட அந்த இன்வாய்ஸை உலகம் பிறகு கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 2018-இல் ருஷ்யாவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, பந்தய டிக்கெட் வாங்கியவர்களுக்கு ரஸிகர் அடையாள அட்டை ஒன்றைக் கொடுத்து விஸா இல்லாமலே உள்ளே விட்டார்கள். 2022-இல் கத்தார் நாட்டில் ‘ஹய்யா’ அட்டை என்று அதே ஏற்பாட்டைச் செய்தார்கள். பத்திரிகைகள் இவற்றைப் புதுமை என்று வியந்து எழுதின. அறுபது வருஷத்துக்கு முன்பே வாகாவில், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், தீராத பகை கொண்ட இரண்டு சர்க்கார்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. ஒரு துண்டுச் சீட்டும், மாலையில் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையும் அதற்குப் போதுமாக இருந்தன.

இதனால் கிரிக்கெட் ஆடினால் யுத்தம் வராது என்று நான் சொல்லவில்லை. 1955-க்குப் பிறகு இரண்டு நாடுகளும் பல முறை போர்க்களத்தில் சந்தித்திருக்கின்றன. 1961-லிருந்து 1978 வரை ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் இருந்திருக்கின்றன. லாகூரில் தழுவிக்கொண்டவர்களால் அதையெல்லாம் தடுக்க முடியவில்லை. தடுப்பது அவர்கள் வேலையுமில்லை. ஆட்டம் பார்க்கப் போனவர்கள் அவர்கள்.

ஆனால் எல்லை என்பது இமயமலையைப் போல இயற்கையாக எழுந்து நிற்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லாகூர் டெஸ்ட் நடந்த அந்தச் சில நாட்கள் அப்படி நினைக்க விடுவதில்லை. யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சாத்திய கதவை, இன்னோர் அதிகாரி கையெழுத்துப் போட்டுத் திறந்தார். பத்தாயிரம் பேர் உள்ளே போய், வெயிலில் உட்கார்ந்து, யாரும் ஜயிக்காத ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இருட்டியதும் வீடு திரும்பினார்கள். பாகிஸ்தானின் மக்ஸூத் அகமது 99 ஓட்டத்தில் அவுட்டாகிவிட்டாரே என்பதுதான் அந்த டெஸ்டைப் பற்றி மைதானத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருந்த பெரிய துக்கம். இரண்டு தேசத்து ஜனங்கள் சேர்ந்து வருத்தப்பட அதைவிட நல்ல விஷயம் அதற்கு முந்தின எட்டு வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்ததில்லை.