கம்பளியும் டயர் செருப்பும்

எங்கள் நாட்றாம்பாளையத்துப் பக்கம், முன்பெல்லாம் மாடு ஓட்டிக்கொண்டு காட்டில் பட்டி போடப் போகிறவர்கள் மூட்டை தூக்கமாட்டார்கள். தோளில் மடித்துப் போட்ட கருங்கம்பளி, காலில் டயர் செருப்பு, இடுப்பில் கொடுவாள், துணியில் முடிந்த ராகி மாவு. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு சின்னாற்றுப் பக்கமும் காவிரிக் கரையிலும் வாரக்கணக்கில் இருந்துவிட்டு வருவார்கள். இப்போது ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள், "அண்ணா, எந்த ஸ்லீப்பிங் பேக் கனம் கம்மி? எந்த ஷூ வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். என் அப்பா பட்டிக்காரர். நான் கிருஷ்ணகிரியில் டயர் ரீட்ரெடிங் பட்டறையில் காலம் தள்ளியவன். படுக்கைக் கதை அப்பாவிடம் கேட்டது, செருப்புக் கதை பட்டறையில் பார்த்தது.

முதலில் கம்பளி. நெய்தவர்கள் குரும்பர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1800-01இல் மைசூர்ச் சீமையைச் சுற்றி எழுதிய பிரான்சிஸ் புக்கானன்கூட இவர்கள் கம்பளி நெய்வதைக் குறித்து வைத்திருக்கிறார். கறுப்பு ஆட்டு மயிரைக் கத்தரித்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, கையால் நூற்று, குழித்தறியில் நெய்வார்கள். சாயம் கிடையாது, ஆட்டின் நிறம்தான் கம்பளியின் நிறம். பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை. அந்தப் பசையால் புதுக் கம்பளி பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். மயிரில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்ள, தூறல் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும்.

ஒரே துணி எத்தனை வேலை செய்தது என்று பாருங்கள். ஒரு மூலையை மடித்துத் தலையில் மாட்டினால் கொங்காடை, மழைக்கு அதுதான் கோட்டு. இரண்டாக மடித்தால் மெத்தை. போர்த்தினால் போர்வை. நான்கு மூலையையும் முடிந்தால் மாவு மூட்டை. பிறந்த கன்றைத் தூக்கிவரவும் அதுவே. ஆட்டு மயிர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. நனைந்த பிறகும் சூடு தரும். வாத்து இறகு அடைத்த விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் அந்தச் சூடு போய்விடும்.

அதற்காகக் கம்பளியைக் கும்பிடத் தேவையில்லை. உடம்பெல்லாம் அரிக்கும். நல்ல மழையில் முழுக்க நனைந்துவிட்டால் இரண்டு ஆள் பாரம், காய இரண்டு நாள் வெயில் வேண்டும். அப்பாவுக்கு அதன்மேல் பாசம் எதுவும் இருந்ததில்லை. வேறு இல்லை, அதனால் அது.

செருப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. லாரி ஓடத் தொடங்கிய பிறகுதானே தேய்ந்த டயர் கிடைக்கும்? அதற்கு முன் தோல் செருப்பு, அல்லது வெறுங்கால். சென்னைச் சாலையும் பெங்களூர்ச் சாலையும் சேலத்துச் சாலையும் கூடுகிற கிருஷ்ணகிரியில் பழைய டயருக்குப் பஞ்சமே வந்ததில்லை. பழைய நைலான் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். செருப்புத் தைப்பவர் கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அறுப்பார். ரப்பர் அப்போதுதான் கத்தியைப் பிடிக்காது. காட்டுக்குப் போகிறவனுக்கு நடுப்பாகத்துப் பட்டையைத் தரமாட்டார். அது கனம். அடுக்குகளை உரித்துவிட்டு மெல்லிய பாகத்தில் அடி வெட்டுவார். முள் ஏறாது, பாறையில் வழுக்காது, ஓடையில் நனைந்தால் உதறிவிட்டு நடக்கலாம். மலையேறிகள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: காலில் ஒரு கிலோ, முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம். எங்கள் செருப்புக்காரர் அந்தக் கணக்கைக் கேள்விப்படாமலே அடுக்கை உரித்தார்.

இது எங்களுக்கு மட்டும் உரிய ஞானம் என்றும் நான் சொல்லவில்லை. மெக்சிகோ மலைகளில் வாழும் தராஹுமாரா மக்களும் டயரில் செருப்பு வெட்டியவர்களே. 1993இல் அமெரிக்காவின் லெட்வில் நூறு மைல் ஓட்டப் பந்தயத்தில், விலை உயர்ந்த ஷூக்காரர்களைப் பின்தள்ளி தராஹுமாரா இனத்தவரான 55 வயது விக்டோரியானோ சுர்ரோ முதலில் வந்தார். அதே நாட்டில் 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, பதினொரு பிள்ளை பெற்றவர், அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். சுமார் 3,300 கிலோமீட்டர். சொந்தமாகத் தைத்த பை, ஒரு கம்பளி, குளியலறைத் திரை, கான்வாஸ் ஷூ. அப்பா அந்தப் பையைப் பிரித்துப் பார்த்திருந்தால் திரை எதற்கு என்று மட்டும் கேட்டிருப்பார்.

எங்கள் கம்பளியும் டயர் செருப்பும் ஏன் மறைந்தன? நாகரிகம் வந்துவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காரணங்கள் வேறுவேறு. 1956 நவம்பர் 1 வரை காவிரிக்கு அக்கரையில் இருந்த கொள்ளேகால் தாலுகாவும் சென்னை மாநிலம்தான். ஆலம்பாடி மாட்டுக்குப் பெயர் தந்த ஊரும், மாதேஸ்வரன் மலையும் அந்தத் தாலுகாவில். மாநிலம் பிரிந்த பிறகு, பட்டிக்காரர்கள் பரிசலில் தாண்டிய ஆறு மாநில எல்லையாகிவிட்டது. பிறகு சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் காலம். அவர் பிறந்த கோபிநத்தமும் அதே அக்கரைதான். 2004 அக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டி அருகே அவர் கொல்லப்படும்வரை, ராகி மாவும் கம்பளியும் சுமந்து காட்டில் தங்குவது யாருக்கும் பாதுகாப்பான காரியமாக இல்லை. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என எங்கள் சுற்றுவட்டக் காடுகளில் பெரும்பகுதி சரணாலயமானது. பட்டிக்காரன் இல்லையென்றால் கம்பளி யாருக்கு? ஆட்டுக்காரர்களும் கறி விலையைப் பார்த்து, கத்தரிக்க மயிர் தராத மேச்சேரி ஆட்டின் பக்கம் திரும்பினார்கள்.

டயர் செருப்பைக் கொன்றது ரேடியல் டயர். இதை நான் கண்ணாலேயே பார்த்தேன். லாரி ரேடியல் டயருக்குள் இரும்புக் கம்பி வலை. செருப்புக் கத்தி அதில் இறங்காது, வெட்டினாலும் கம்பி முனை காலைக் குத்தும். நைலான் டயர் பட்டறைக்கு வருவது குறையக் குறைய, செருப்புக்கு டயர் கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள்.

ஆகவே, கேட்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது இது. ஒரே வேலை செய்யும் பொருளை வாங்காதீர்கள். எங்கள் பக்கத்துக் குளிருக்கு ஒரு நல்ல போர்வையும் மெல்லிய தார்ப்பாயும் போதும். படுக்கையில் மிச்சம் பிடித்த காசை ஷூவில் போடுங்கள். கனமில்லாததாக, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பாதயாத்திரைக்குக் கிளம்பும் அன்றைக்குப் புதுச் செருப்புப் போடாதீர்கள். சரணாலயக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நடக்கவோ தங்கவோ முடியாது. முதலில் அந்த அனுமதியை வாங்குங்கள், மற்றதை அப்புறம் வாங்கலாம்.