கண்ணாடி வீட்டில் பிறந்த கந்தக வைத்தியம்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் மார்கேட் என்றொரு ஊர். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த திராட்சைக் கொடிகளைப் பராமரித்துவந்த எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர், 1845இல் இலையிலும் பிஞ்சிலும் மாவு தூவினாற்போல ஒரு வெண்படலம் படர்வதைக் கண்டார். படலம் பிடித்த காய்கள் பருக்காமல் வெடித்து, விதை வெளியே தெரிந்தது. பூஞ்சை ஆராய்ச்சியில் பெயர்பெற்ற பாதிரியார் பெர்க்லி அதை ஆராய்ந்து, 1847இல் ஓயிடியம் டக்கரி என்று டக்கரின் பெயரையே அதற்குச் சூட்டினார். நம் விவசாயிகள் சாம்பல் நோய் என்று சொல்லும் வகையைச் சேர்ந்ததுதான் அது. பத்தாண்டுக்குள் இந்தப் பூஞ்சை ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. 1850இல் சுமார் நாலரைக் கோடி ஹெக்டோலிட்டராக இருந்த பிரான்சின் ஒயின் உற்பத்தி, 1854இல் சுமார் 1.1 கோடிக்கு இறங்கிவிட்டது. மதேரா தீவில் ஒயின் தொழிலே படுத்து, ஆயிரக்கணக்கானோர் பிழைப்பைத் தேடிக் கப்பலேறினார்கள். பிறகு கந்தகம் வந்தது, கொடிகள் பிழைத்தன. வரலாற்று நூல்கள் இந்த வெற்றியைப் பெரும்பாலும் தென் பிரான்சின் மோன்பெலியே நகரத்து ஆன்றி மாரெஸ் போன்ற அறிஞர்களின் கணக்கில் எழுதுகின்றன. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கந்தக வைத்தியம் கண்ணாடி வீட்டில் பிறந்தது. அதன் உயிர்நாடி கந்தகத்தைவிட, கந்தகத்துக்குக் கொடுக்க வேண்டிய சூட்டைப் பற்றிய அறிவு. அந்த அறிவு கூலிக்கு வேலை செய்த தோட்டக்காரர்களுடையது.

நோய் முதலில் திறந்தவெளித் தோட்டத்தில் அல்லாமல் கண்ணாடிக் கூரைக்கடியில் கண்ணில் பட்டது தற்செயல் அல்ல. இந்தப் பூஞ்சை வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே காட்டுத் திராட்சையோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. ஷ்வைனிட்ஸ் என்ற தாவரவியலாளர் 1834இலேயே அமெரிக்காவில் அதை விவரித்திருக்கிறார். ஐரோப்பியத் திராட்சைக்கோ அதைத் தாங்கும் திறன் கிடையாது. மற்றப் பல நோய்ப் பூஞ்சைகளின் வித்துகள் முளைப்பதற்கு இலைமேல் ஈரம் நிற்க வேண்டும். சாம்பல் நோயின் வித்துக்கு அது தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். மழையும் வெயிலும் நேரடியாகப் படாத, மிதமான சூடும் தேங்கிய காற்றும் உள்ள இடம் அதற்குச் சொர்க்கம். செல்வர் வீட்டுத் திராட்சைக் கூடங்கள் அப்படித்தான் இருந்தன. பிரிட்டனில் கண்ணாடியின் மீது எடைக்கணக்கில் விதிக்கப்பட்டிருந்த வரி நீக்கப்பட்டதும் அதே 1845இல்தான். அதன்பிறகு கண்ணாடி வீடு பிரபுக்களின் மாளிகையிலிருந்து நடுத்தர வசதியுள்ளோரின் கொல்லைவரை பரவியது. நோய் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரான்சுக்குள் நுழைந்தபோதும் முதலில் தென்பட்டது பாரிசுக்கு அருகில் சுரேன் என்ற ஊரிலிருந்த செல்வர் ரோத்ஷில்டின் கண்ணாடிக் கூடத்தில். வயல்கள் அதன்பிறகுதான் மாட்டிக்கொண்டன.

நோய்க்கு வீடான இடமே மருந்துக்கும் பட்டறையானது. கண்ணாடிக் கூடத்துத் தோட்டக்காரர்களுக்குக் கந்தகம் புதிய பொருளல்ல. அயர்லாந்தில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஜான் ராபர்ட்சன், பீச் மரங்களின் சாம்பல் நோய்க்குச் சோப்பு நீரில் கலந்த கந்தகமே மருந்து என்று 1821இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்கு எழுதியிருந்தார். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொரு வழக்கம். கண்ணாடிக் கூடங்களைச் சூடாக்க முதலில் செங்கல் புகைபோக்கிகளும், பின்னர் கொதிகலனிலிருந்து வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்களும் இருந்தன. இலையின் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியை ஒழிக்க, கந்தகத்தைச் சுண்ணாம்போடு குழைத்து அந்தச் சூடான பரப்பில் பூசுவார்கள். பூசியது செடிமேல் அல்ல, குழாய்மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். கற்பூரம் தீப்படாமலே பெட்டிக்குள் கரைந்து மணப்பதுபோல, வெந்நீர்க் குழாயின் சூட்டில் கந்தகம் எரியாமல் மெல்ல ஆவியாகிக் கூடம் முழுதும் பரவும். சாம்பல் நோய் வந்தபோது அதே குழாய், அதே பூச்சு புதிய வேலைக்குத் தயாராக இருந்தது. டக்கர் கையாண்டதும் கந்தகம், நீற்றிய சுண்ணாம்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்த கலவையைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். டக்கர் தம் கலவையைக் கொடிமேல் அல்லவா தெளித்தார்? அதில் ஆவி எங்கே வந்தது? நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்தடுத்து நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. லண்டனை அடுத்த லெய்ட்டனில் கைல் என்ற தோட்டக்காரர் சுண்ணாம்பையும் தண்ணீரையும் விட்டுவிட்டு வெறும் கந்தகப் பொடியைத் தூவினார், நோய் அடங்கியது. பாரிசை ஒட்டிய மோன்ரூழ் ஊரில் கோந்தியே என்ற தோட்டக்காரர் பொடியை ஊதித் தள்ளும் துருத்தி ஒன்றைச் செய்தார், அதற்கும் அடங்கியது. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடங்களைக் கவனித்த கிரிசோன் 1852இல் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்த நீரைத் தெளித்தார். அது அவர் பெயராலேயே கிரிசோன் நீர் என்று புகழ்பெற்றது. சுண்ணாம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஈரமாக இருந்தாலும் உலர்ந்திருந்தாலும் வேலை நடக்கிறது என்றால், வேலை செய்வது கந்தகம் மட்டும்தான். அந்தக் கந்தகமும் குளிரில் சோம்பிக் கிடந்து சூட்டில் விழித்துக்கொள்கிறது. பதினெட்டு இருபது டிகிரி செல்சியசுக்குக் கீழே பலன் மிகக் குறைவு. 25 முதல் 30 வரை நன்றாக வேலை செய்யும். 35ஐ நெருங்கினால் இலையையே கருக்கிவிடும். சூட்டுக்கும் பலனுக்கும் உள்ள இந்த உறவைத் தினமும் தன் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு, கொதிகலனின் அனலைத் தன் கையால் ஏற்றி இறக்கும் ஆளுக்குத்தான் இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் பழமையானது. கந்தகத்தைப் புகைப்பதை மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிவார்களே. ஒடிசியஸ் தன் வீட்டைத் தூய்மையாக்கக் கந்தகம் கொளுத்தியதாக ஹோமரின் காவியம் சொல்கிறதே. ரோமானியரான கேட்டோ திராட்சைப் புழுவுக்குக் கந்தகமும் நிலக்கீலும் சேர்த்துக் காய்ச்சிய பூச்சைத் தம் வேளாண் நூலில் எழுதிவைத்திருக்கிறாரே. பிறகு தோட்டக்காரர்கள் புதிதாக என்ன கண்டார்கள் என்று கேட்கலாம். இந்த வாதம் புகையையும் ஆவியையும் ஒன்றாக்கிவிடுகிறது. கந்தகம் எரிந்தால் கிடைப்பது கந்தக டையாக்சைடு. அது எலியைக் கொல்லும், ஒயின் பீப்பாயைச் சுத்தமாக்கும், கூடவே கூடத்திலுள்ள ஒவ்வொரு பச்சை இலையையும் ஒரே இரவில் வெளுக்கவைத்துவிடும். எரியாமல் ஆவியானால் கிடைப்பது கந்தகமேதான். அது இலைமேல் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக மீண்டும் படிந்து, பூஞ்சையை மட்டும் பதம்பார்க்கும். கந்தகம் சுமார் 115 டிகிரியில் உருகும். இருநூறைத் தாண்டிக் கொஞ்சம் போனால் காற்றிலேயே தீப்பிடித்துவிடும். வெந்நீர்க் குழாய் நூறு டிகிரியை எட்டாது என்பதால் அதன்மேல் பூசுவது பத்திரம். பழைய செங்கல் புகைபோக்கியில் அடுப்பை ஒட்டிய பகுதி எவ்வளவு சூடாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் அடுப்புப் பக்கம் கந்தகம் பூசாதே என்று எச்சரித்தார்கள். வெப்பமானி காட்டும் எண்ணைவிடத் தம் மூக்கையே நம்பி அவர்கள் கண்டுபிடித்த எல்லை அது. பழங்காலத்தவரின் கந்தகப் புகையிலிருந்து இதற்கு நேர்வழி ஏதும் இல்லை.

மாரெசின் பங்கைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 1850களின் நடுவில் அவர் செய்தது பெரிய காரியம். கூரையும் குழாயும் இல்லாத பல லட்சம் ஏக்கருக்கு இந்த வைத்தியத்தைக் கொண்டுபோவது எப்படி என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. தண்ணீர் கிடைக்காத மலைச்சரிவில் கிரிசோன் நீரைச் சுமந்து ஏற முடியாது. ஆகவே உலர்ந்த பொடியே சரி என்று முடிவுகட்டி, துளிர் விடும்போது, பூக்கும்போது, காய் நிறம் மாறுமுன் என மூன்று முறை தூவும் கணக்கை நிறுவினார். காற்றில்லாத, வெயில் காயும் நாளாகப் பார்த்துத் தூவச் சொன்னார். மாரெசுக்குக் கொதிகலனாக இருந்தது மத்தியதரைக்கடல் ஓரத்துச் சூரியன். தரையில் சிந்திய கந்தகம்கூட வெயிலில் ஆவியாகி மேலே உள்ள குலைக்கு உதவியது. ஆகவே வயல் முறை கண்ணாடி வீட்டு முறையின் விரிவாக்கம்; தனிக் கண்டுபிடிப்பு என்று அதைக் கொள்ள முடியாது. விவசாயிகள் முதலில் முரண்டுபிடித்தார்கள். கண் எரிகிறது, ஒயினில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்றார்கள், இரண்டும் உண்மையே. ஆனாலும் விளைச்சலுக்கு முன் அந்த முணுமுணுப்பு எடுபடவில்லை: 1858இல் பிரான்சின் உற்பத்தி ஐந்து கோடி ஹெக்டோலிட்டரைத் தாண்டிவிட்டது. இந்தக் கந்தகம் பெரும்பாலும் சிசிலியின் சுரங்கங்களிலிருந்து வந்து மார்செய் ஆலைகளில் தூளானது என்பதையும் ஓரமாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுரங்கங்களில் தாதுவை முதுகில் சுமந்து ஏறியவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். திராட்சை பிழைத்த கதையில் அவர்கள் இடம்பெறுவதே இல்லை.

ஆவியா, தொடுதலா என்ற சண்டை விஞ்ஞானிகளிடையே நெடுநாள் நீடித்தது. கந்தகம் காற்றில் மாறி உண்டாகும் அமிலம்தான் கொல்கிறது என்றது ஒரு கட்சி. பூஞ்சையே கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றித் தனக்குத் தானே நஞ்சு வைத்துக்கொள்கிறது என்றது இன்னொரு கட்சி. அமெரிக்காவில் மெக்கேலனும் வில்காக்சனும் 1931இல் இதற்குச் சோதனைச் சான்றும் காட்டினார்கள். கந்தகம் பூஞ்சையின் செல்லுக்குள் நுழைந்து அதன் சுவாசத்தைக் குலைக்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். எந்தக் கட்சி வென்றாலும் தோட்டக்காரரின் அனுபவத்துக்குப் பங்கமில்லை. சாம்பல் நோய்ப் பூஞ்சை தன் உடலை இலையின் மேற்பரப்பில் பரப்பி, உறிஞ்சும் கால்களை மட்டும் உள்ளே விடுகிறது. அதனால்தான் காற்றில் மிதந்துவரும் மருந்து அதை எட்டுகிறது. 1878இல் பிரான்சுக்குள் வந்த அடிச்சாம்பல் நோய் இலைக்குள் புகுந்து வாழ்வது. அதன்முன் கந்தகம் கைவிரித்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மில்லார்டே 1885இல் அறிவித்தபிறகே அதற்கு வழி பிறந்தது.

வெந்நீர்க் குழாய்ப் பூச்சு இன்று மின்சாரச் சட்டியாக மாறியிருக்கிறது. ஐரோப்பாவில் ரோஜாவும் வெள்ளரியும் வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில், கந்தகத்தை உருக்கித் தீப்பிடிக்கும் சூட்டுக்குக் கீழே நிறுத்தும் சிறு கலன்களைத் தொங்கவிட்டு, இரவில் கதவடைத்துச் சில மணி நேரம் ஓட்டுகிறார்கள். நவீன மருந்துகள் இருக்க இந்தக் கிழட்டு முறை எதற்கு என்பது கடைசி மறுப்பு. அதற்கும் கண்ணாடி வீடே சாட்சி. 1968இல் நெதர்லாந்தின் வெள்ளரிக் கூடங்களுக்கு டைமெத்திரிமால் என்ற மருந்து வந்தது. வேர் வழியே செடிக்குள் ஏறிச் சாம்பல் நோயை அறவே ஒழித்த அதிசய மருந்து. இரண்டு ஆண்டுக்குள் பூஞ்சை அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது, மருந்து கைவிடப்பட்டது. அதன்பின் வந்த பல மருந்துகளுக்கும் இதே கதி. கந்தகத்தை நூற்றெழுபது ஆண்டுக்கு மேலாகப் பயன்படுத்தியும் சாம்பல் நோய் அதற்குப் பழகிக்கொள்ளவில்லை. குறையும் உண்டு: பூச்சிகளைத் தின்னும் நல்ல சிலந்திப் பேன்கள் சாகும், பிளாஸ்டிக் கூரையின் ஆயுள் குறையும். பசுமைக்குடில் வைத்திருப்போர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நமக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்று விளைவது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். டக்கரின் காலத்தை ஒட்டி, பெட்ஃபோர்ட்ஷயரின் ரெஸ்ட் பார்க் தோட்டத்தில் சீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் கண்ணாடிக் கூரைக்கடியில் உருவாக்கிய கலப்பு அது. அந்தக் கொடிக்குச் சாம்பல் நோய் வந்தால் இன்றும் தெளிப்பது தண்ணீரில் கலக்கும் நனையும் கந்தகத்தைத்தான்.

வீட்டு அறையில் தொட்டிச்செடி வளர்ப்போருக்கு ஒன்று. இந்த வைத்தியம் இரவில் பூட்டிவைத்து, ஆள் நுழையாமல், காலையில் காற்றோட்டம் விட்டபிறகே திறக்கும் கூடத்துக்கானது. மனிதர் உறங்கும் வீட்டுக்குள் கந்தகத்தைச் சூடாக்குவதோ கொளுத்துவதோ கூடவே கூடாது. நோய் கண்ட தொட்டியை வெளியே எடுத்துவைத்து, வெண்படலம் பிடித்த இலைகளைக் கிள்ளி அகற்றி, வெயில் தாழ்ந்தபின் நனையும் கந்தகத்தை அளவாகத் தெளியுங்கள்.